கால் கழுவிய ஞாயிறு

அத்தியாயம் 14

ஐந்து பேருக்குப் பத்துக் கால். பத்துக் காலுக்கு ஓர் அண்டா வெந்நீர் போதுமா?

மார்கரெட் அம்மாள் காலை ஆறு மணிக்கே இந்த யோசனையில் இறங்கிவிட்டாள். கள்ளக்குறிச்சி மிஷன் காம்பவுண்டின் பின்கட்டில் மூன்று கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றியாயிற்று. வெள்ளைப் பீங்கான் பேசின் இரண்டு. புதுத் துண்டு ஐந்து. வாசனை சோப்பு ஒரு கட்டி. கல்யாண வீடு தோற்றுவிடும், அப்படி ஓர் ஓட்டம்.

விசேஷம் இதுதான். படிப்பு, வேலை என்று போய், சபைக்கு வருவதையே விட்டுவிட்ட வாலிபப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிடும் ஞாயிறு. அம்மாளின் வீட்டுக்காரர், சபைப் போதகர் ஞானசிகாமணி ஐயா பதினோரு பேருக்குக் கார்டு எழுதிப் போட்டார். ஐந்து பேர் வருகிறோம் என்றார்கள். அந்த ஐந்து பேரின் காலையும் ஐயாவும் அம்மாளும் சபை நடுவே மண்டி போட்டுக் கழுவப் போகிறார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கல்வராயன் மலைக்கு ஊழியம் செய்ய வந்த மனுஷர் அவர். வெள்ளந்தி. கார்டு எழுதும்போதே அழுதுவிட்டார்.

அம்மாளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் சந்தோஷம் வேறு ரகம். அது புரிய வேண்டுமென்றால், போன வாரம் அவள் துவைக்க எடுத்த ஒரு சட்டையை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டை மகன் அமலுடையது. பையில் ஒரு கடிதம். 'அமலு, ஆர்டர் வந்திடுச்சு. மலைமேல ஸ்கூல். குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாம். நீ சொன்ன மாதிரியே செய்யலாம்.' கீழே செலினா என்று கையெழுத்து.

அந்தக் கையெழுத்தே மார்கரெட் பழக்கிவிட்டது. காம்பவுண்ட் வாட்ச்மேன் லூர்துராஜின் மகள், தாயில்லாத பெண். பத்து வயதில் ஹாஸ்டலில் சேர்த்து, பேன் பார்த்து, தலை வாரி, டீச்சர் டிரெய்னிங் வரைக்கும் கொண்டுவந்து விட்டவள் மார்கரெட். "எனக்குப் பொம்பளப் பிள்ள இல்லாத குறைய இவ தீர்த்துட்டா" என்று ஊர் முழுக்கச் சொன்னவளும் அவள்தான். மகளாக வளர்த்தாளே தவிர மருமகளாக வளர்க்கவில்லை. அது எப்படி முடியும்? திருநெல்வேலியில் அண்ணன் தம்பி முகத்தில் விழிக்க வேண்டாமா? காலனிப் பெண்ணைக் கொண்டுவந்து நடுவீட்டில் உட்கார வைத்தால் அப்புறம் எந்தச் சொந்தக்காரன் வாசல் மிதிப்பான்? ஊழியம் வேறு, சம்பந்தம் வேறு. இதை மார்கரெட் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததும் இல்லை.

இன்னொரு சங்கதி. அந்த ஆர்டர் செலினா என்ற பெயருக்கு வரவில்லை. செந்தமிழ்ச்செல்வி என்ற பெயருக்கு வந்திருக்கிறது. அதே காலனி, அதே வீடு, அதே சாதி. ஆனால் கும்பிடும் இடம் மாறினால் சான்றிதழும் மாறிவிடும். ஷெட்யூல்டு ஒதுக்கீட்டில் இடம் வேண்டுமென்றால் கிறிஸ்துவராக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் மூன்று வருஷத்துக்கு முன் அவள் ஒரு மடத்துக்குப் போய் இந்துவாக மாறும் சடங்கு செய்துகொண்டு, பெயரை மாற்றி, கெஜட்டிலும் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்படிச் செய்த வீடுகள் காலனியில் இன்னும் சில உண்டு. யாரும் வெளியே பேசிக்கொள்வதில்லை.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. ரோட்டோரத்தில் வெட்டிய புளியமரங்களின் அடிக்கட்டைகள் அப்படியே நிற்கின்றன. எந்தச் சாதிக்கு எத்தனை இடம் என்பதுதான் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. இந்தச் சமயத்தில் ஒருத்திக்கு ஆர்டர் வந்தால் மொட்டைக் கடுதாசியும் கூடவே கிளம்பும். கிளம்பியது. 'இவள் கிறிஸ்துவச்சி, விசாரிக்கவும்.'

விசாரிக்கத்தான் வியாழக்கிழமை தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. கண்ணாயிரம் சைக்கிளில் வந்தார். ஐயா மலையில் இருந்தார். வீட்டில் மார்கரெட் மட்டும்.

"செந்தமிழ்ச்செல்வின்னு ஒரு பொண்ணு. உங்க வாட்ச்மேன் பொண்ணாமே? உங்க சபைக்கு வருதுங்களா?"

வருவதில்லை என்று சொல்லியிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை, மூன்று வருஷத்து உண்மை. அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெண் மலைமேல் வேலையில் சேர்ந்திருப்பாள்.

"ஞாயித்துக்கிழம ஆராதனைக்கு வாங்க சார். நீங்களே பாத்துக்கிடலாம்" என்றாள் மார்கரெட். காப்பியும் கொடுத்து அனுப்பினாள்.

*

"இன்னாம்மா, வெந்நி காஞ்சிடுச்சா?"

அமல் வந்து நின்றான். இருபத்தாறு வயது. சர்வீஸ் கமிஷன் பரீட்சை நாலு தடவை எழுதி நாலு தடவையும் கோட்டைவிட்ட பிள்ளை. நாலு வயதிலிருந்து இந்த ஊர்த் தண்ணீர் என்பதால் பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு. அந்த 'இன்னா' காதில் விழும்போதெல்லாம் மார்கரெட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"என்னம்மான்னு கேளு. எத்தன தடவ சொல்லுதேன்!"

அவன் சிரித்தான். நேற்று சாயங்காலத்திலிருந்து சிரித்தபடிதான் இருக்கிறான். நேற்றுத்தான் அம்மாவிடம் நேருக்கு நேர் சொல்லிவிட்டான்: "செலினா திங்கக்கிழமை டூட்டில சேருது. அடுத்த மாசம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம். நானும் மலைக்குப் போயிடுவேன். நீ தலைகீழா நின்னாலும் அதான்."

மார்கரெட் கத்தவில்லை. அழவில்லை. "சரி மக்கா. நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வா. கால் கழுவணும்னு ஐயா ஆசப்படுதாவ. ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போகட்டும்" என்றாள். அம்மா இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்துவிட்டாளே என்று அவனுக்கு ஒரே பூரிப்பு. பையனுக்கு விவரம் கொஞ்சம் கம்மி. அம்மா விஷயத்தில் ரொம்பவே கம்மி.

"அம்மா, பேரு வாசிக்கக் கூடாது. ஞாபகம் வச்சிக்க. ஆபீஸ் ஆளுங்க மோப்பம் புடிச்சிக்கினு கீறாங்க" என்றான் இப்போது.

"யாரு வாசிக்கப் போறா? ஐயாகிட்டயும் சொல்லியாச்சு."

"போட்டோ?"

"நம்மகிட்ட கேமரா ஏது?"

"சத்தியம் பண்ணு. நான் குடுத்த தைரியத்துலதான் அவ வருது."

"சத்தியம் பண்ணுத பழக்கம் நம்ம வீட்ல உண்டா, ஏல? போ, போய்ப் பெஞ்சத் துட."

அவன் துடைக்கப் போனான்.

*

எட்டரை மணிக்குச் செலினா வந்தாள். மஞ்சள் கைத்தறிச் சேலை, தோளில் பை, நெற்றியில் ஒட்டுப் பொட்டு. பின்னால் வெளுத்த வேட்டியும் எண்ணெய் தடவிய தலையுமாக லூர்துராஜ்.

"நல்லா இருக்கீங்களாம்மா?"

மார்கரெட் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் ஆயிற்று. தலையில் அதே தேங்காய் எண்ணெய் வாசனை. அந்த அணைப்பு நிஜம், வேஷம் ஒன்றும் இல்லை. இந்தப் பெண்மேல் அவளுக்கு உயிர். மருமகளாக வர நினைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் உயிர்தான்.

"எளச்சிட்டியே மக்கா. சாப்பிட்டியா?"

"ஆச்சுங்கம்மா." செலினா குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ஒண்ணும் ஆவாதுங்களே? ஆர்.ஐ. ஒருத்தரு காலனியில விசாரிச்சிட்டுப் போனாராம். நாளைக்கு ஜாயினிங். ஐயா ஒரு ஜெபம் பண்ணா போதும், கெளம்பிடுவேன். அவரு பீஸ் கட்டலன்னா நான் எங்க டீச்சராவறது? அந்த ஜெபத்த வூட்டுக்குள்ளயே பண்ணிக்கலாமுங்களா?"

வீட்டுக்குள்ளேயே பண்ணியிருக்கலாம். ஐயா உள்ளறையில்தான் அங்கி மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்தால் வந்திருப்பார்.

"நல்லா இருக்கே! அண்டா நிறைய வெந்நி போட்டு வச்சிருக்கேன். ஐயா மனசு ஒடஞ்சி போவாவ. ஓரமா உக்காந்துக்கோ, யாரு பாக்கப் போறா? அந்த நெத்திய மட்டும் துடச்சிட்டு வா. கோயிலுக்குள்ள அது எதுக்கு?"

செலினா அப்பாவைப் பார்த்தாள்.

"அம்மா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார் லூர்துராஜ். "இவங்க இல்லன்னா நம்ம பொழப்பு இன்னாவாயிருக்கும்? உம், வா."

அவள் பொட்டை எடுத்துப் பையின் வாரில் ஒட்டிக்கொண்டாள். திரும்பிப் போகும்போது வைத்துக்கொள்ள வேண்டுமே.

*

கோயில் நிறைந்திருந்தது. கால் கழுவும் ஐவரும் ஒரே பெஞ்சில். வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி வந்த சின்னதுரை, செலினாவின் பக்கம் குனிந்து கிசுகிசுத்தான்.

"இன்னாத்துக்கு அக்கா இப்பிடி பயந்துக்கினு கீற? எங்களுக்கு மலைசாதி சர்டிபிகேட்டு எந்தச் சாமியக் கும்பிட்டாலும் அதேதான். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"உங்களுக்கு அப்பிடி. எங்களுக்கு வேறடா" என்றாள் செலினா. அவனுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது பாட்டு நடக்கும்போது கண்ணாயிரம் வந்தார். கால்சட்டையில் சைக்கிள் கிளிப்பைக்கூடக் கழற்றாமல் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டி உட்கார்ந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். செலினா அவரைப் பார்த்ததே கிடையாது. அமலும் பார்த்ததில்லை. ஐயாவுக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தில் அவர் வருவார் என்று தெரிந்தவள் ஒருத்திதான்; அவள் பாட்டை நிறுத்தாமல் பாடினாள்.

ஐயா பையன்களின் காலைக் கழுவினார். சின்னதுரையின் பித்தவெடிப்பைத் துடைக்கும்போது அவருக்குத் துக்கம் பொங்கிவிட்டது. பெயர் எதையும் சொல்லவில்லை. "ஆண்டவருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். மார்கரெட், தையல் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கழுவி முடித்துவிட்டு, பேசினை இழுத்துக்கொண்டு செலினாவின் முன்னால் வந்து மண்டி போட்டாள்.

வலது கால். குதிகாலில் அந்தப் பழைய தழும்பு இருந்தது. பன்னிரண்டு வயதில் கருவேல முள் ஏறி, மார்கரெட்தான் ஊக்கால் தோண்டி எடுத்தாள். அன்றைக்கு இந்தப் பெண் கத்திய கத்தலில் ஹாஸ்டலே கூடிவிட்டது. செலினாவுக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. குனிந்து, "அம்மா" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

பேசாமல் கழுவித் துடைத்துவிட்டு எழுந்திருக்கலாம். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு இங்கே நடப்பது பாதிதான் தெரியும். யாரோ ஒரு பெண், யாரோ ஒரு கால்.

மார்கரெட் நிமிர்ந்தாள். ஸ்திரீகள் கூட்டத்தில் ஜெபம் பண்ணும் குரலை எடுத்தாள். அந்தக் குரல் காம்பவுண்ட் கேட் வரைக்கும் கேட்கும்.

"சபையாரே! இந்தப் பிள்ள யாருன்னு தெரியுதா? நம்ம செலினா! லூர்துராஜ் மக. இதே கோயில்ல ஞானஸ்நானம் வாங்கின பிள்ள. உலகத்துக்காக வேற பேர வச்சிக்கிட்டு மூணு வருஷமா எங்கியோ கெடந்தா. இன்னைக்கு நம்மகிட்ட திரும்பி வந்துட்டா. செலினா, நான் சபைக்குத் திரும்பிட்டேன்னு உன் வாயால ஒரு வார்த்த சொல்லு மக்கா!"

கையில் இருந்த கால் விறைத்தது.

"அம்மா… வேணாம்மா" என்றாள் செலினா. மார்கரெட்டுக்கு மட்டும் கேட்கும் குரல். பெரிய கண்களை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு சுவரோரம் நின்ற அமலைத் தேடினாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"ஸ்தோத்திரம்! எம் பொண்ணு வந்துடுச்சு! எம் பொண்ணு செலினா வந்துடுச்சு!"

லூர்துராஜ். மூன்று வருஷமாகத் தனியாக வந்து தனியாக உட்கார்ந்த மனுஷன். அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு ஆர்டரும் மறந்துவிட்டது, ஆர்.ஐ.யும் மறந்துவிட்டது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். சபை முழுக்க ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றது. கடைசி பெஞ்சில் கண்ணாயிரம் ஃபைலைத் திறந்து முழங்காலில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

மார்கரெட் அந்தக் காலை அக்கறையாகத் துடைத்தாள், விரலிடுக்கெல்லாம்.

*

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. கண்ணாயிரம் நேராக முன்னால் வந்தார்.

"நான் ஆர்.ஐ. கண்ணாயிரம். உன் பேரு இன்னாமா?"

செலினாவுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "செந்தமிழ்ச்செல்விங்க."

"இப்ப செலினான்னாங்க?"

"நான்… சும்மா வேடிக்கை பாக்க வந்தேங்க."

"வேடிக்கை பாக்க வந்தவங்க காலையா கழுவுவாங்க?" அவர் சிரிக்கவில்லை. "மரத்த வெட்டிட்டு ஜெயிலுக்குப் போன எங்க பசங்க, ஒரு பியூன் வேலைகூட இல்லாம வூட்ல உக்காந்துக்கினு கீறானுங்க. உனுக்கு ரெண்டு பேரு, ரெண்டு சாமி. நல்லா கீதும்மா." மார்கரெட்டின் பக்கம் காகிதத்தை நீட்டினார். "நீங்க சொன்னத அப்பிடியே எழுதிக்கீறேன். படிச்சிப் பாத்துட்டு ஒரு கையெழுத்து போடுங்க."

"அம்மா, போடாதம்மா" என்றான் அமல்.

மார்கரெட் படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

"ரிப்போர்ட்டு நாளைக்கிக் காலையில ஆபீஸ்ல வச்சிடுவேன். நீ மலை ஏற வேணாம்மா, ஏறினாலும் எறக்கிடுவாங்க. பொய் சர்டிபிகேட்டுக்கு கேஸ் போடாம வுட்டா அதுவே பெருசு." கண்ணாயிரம் ஃபைலைக் கட்டிக்கொண்டு கும்பிட்டார். "வரேங்க மேடம். வியாழக்கிழமையே நீங்க இன்னிக்கு வரச்சொன்னது நல்லதாப் போச்சு. அலைச்சல் மிச்சம்."

சைக்கிள் ஸ்டாண்டு எடுக்கும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமையா?" என்றார் ஐயா. ஈரத் துண்டு இன்னும் அவர் தோளில் கிடந்தது. "நீயா வரச்சொன்ன, மார்கரெட்?"

லூர்துராஜ் கோயில் படியில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான்தாண்டா கத்தினேன். எம் பொண்ணு பேர நான்தான் கத்தினேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

செலினா அழவில்லை. அழுதிருந்தால் மார்கரெட்டுக்குச் சுலபமாக இருந்திருக்கும், அணைத்துக்கொண்டிருப்பாள்.

"எதுக்கும்மா?"

"உன் ஆத்துமாவுக்காகத்தான் மக்கா. வேலை இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்."

"பொய் சொல்லாதீங்கம்மா. அமலு என் லெட்டரக் காணோம்னுச்சு. உங்க கையிலதான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். உங்க வூட்ல நான் பாத்திரம் வெளக்கலாம், கோலம் போடலாம். உங்க புள்ளைக்கு ஆசப்படக் கூடாது. அத வியாழக்கிழமை என்னைக் கூப்ட்டு நேரா சொல்லியிருக்கலாமே. என் சோத்துல மண்ணப் போட்டுட்டு எதுக்கு ஆத்துமாவ இழுக்குறீங்க?"

மார்கரெட்டுக்கு அந்த ஜெபக் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. குனிந்து பேசினை ஓரமாகத் தள்ளினாள்.

செலினா ஐயாவிடம் திரும்பினாள்.

"ஐயா, நான் இப்ப இந்தச் சபை மெம்பர்தானுங்களே?"

"ஆமாம்மா."

"அம்மாவே கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாங்க. கவர்மெண்டே எழுதிக்கினு போயிடுச்சு. அப்ப எனக்கும் அமலுக்கும் ஓலை வாசிங்க."

கோயிலில் கல்யாணம் என்றால் அதற்கு முந்திய மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம், யாருக்காவது தடை உண்டா என்று. சபையில் சேராத பெண்ணுக்கு அது கிடையாது. காலையில் வெந்நீர் போடும்வரைக்கும் செலினாவுக்கும் கிடையாது. அந்த வாசலை மார்கரெட்டே திறந்துவிட்டாள். இந்தப் பெண் ஆசையில் கேட்கிறாளா, ஆத்திரத்தில் கேட்கிறாளா? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

ஐயா அலமாரியைத் திறந்தார். ஓலை நோட்டை எடுத்து, பலிபீடத்துப் பக்கத்து மேஜையில் வைத்து, பேனாவை உதறி எழுதினார். 'லூர்துராஜ் மகள் செலினா.' எழுதிவிட்டு மகனைப் பார்த்தார்.

"ஏல, உன் பேர எழுதட்டா?"

எல்லாரும் அமலைப் பார்த்தார்கள். படியில் இருந்த லூர்துராஜ்கூட அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அமல் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். ஐயாவைப் பார்த்தான். செலினாவைப் பார்க்கவில்லை. கடைசியில் அம்மாவைப் பார்த்தான், கீழே விழுந்த குழந்தை பார்க்குமே அப்படி.

"ஒரு வாரம் டைம் குடுங்கப்பா."

"எதுக்கு?"

"இல்லப்பா… இப்ப அவளுக்கும் வேலை இல்ல. எனக்கும் இல்ல. குவார்ட்டர்ஸும் கெடையாது. எங்க போயி இருக்கிறது? கொஞ்சம் யோசிக்கணும் இல்ல?"

நேற்று தலைகீழாக நின்றாலும் என்று சொன்ன வாய்தான்.

செலினா ஒருமுறை அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "யோசி அமலு. நல்லா யோசி" என்றாள். பிறகு படியில் இறங்கி அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எழுந்திரு நைனா. வூட்டுக்குப் போலாம்."

"ஐயோ, நான்தாம்மா கத்திட்டேன்…"

"நீ ஒண்ணும் பண்ணல. வா."

இரண்டு பேரும் வெயிலில் நடந்து கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஐயா நோட்டை மூடவில்லை.

"அடுத்த ஞாயிறு இத இப்படியே வாசிப்பேன்" என்றார். குரல் உயரவே இல்லை. அதுதான் மார்கரெட்டுக்குப் பயமாக இருந்தது. "மாப்பிள்ள பேர் வர்ற எடத்துல நிறுத்துவேன். நீ எந்திரிச்சு உன் பேரச் சொல்லணும். இல்லாட்டி உக்காந்திரு, சபை பாக்கட்டும். மார்கரெட், முன் பெஞ்சுல உனக்கும் எடம் உண்டு."

அவர் சாப்பிட வரவில்லை. அங்கியைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு காலனிப் பக்கம் நடந்துவிட்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. காலையிலேயே மசாலா அரைத்து வைத்திருந்தாள், அதனால் சீக்கிரம் ஆகிவிட்டது. மார்கரெட் மகனுக்குத் தட்டு வைத்தாள்.

அவள் நினைத்தது நடந்துவிட்டது. பையன் மலைக்குப் போகவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸும் இல்லை. ஊரில் அண்ணன் தம்பிக்கு ஒரு சேதியும் போகப்போவதில்லை. இதற்காகத்தானே இத்தனையும்? ஆனால் அவள் மனசு ஓரத்தில் வேறு ஒன்றுக்குக் காத்திருந்தது. இவன் வருவான், தட்டைத் தூக்கி எறிவான், நீயெல்லாம் ஒரு தாயா என்று கத்துவான், சட்டையை மாட்டிக்கொண்டு செலினா பின்னாலேயே ஓடுவான் என்று. அப்படி ஓடியிருந்தால் கதறியிருப்பாள், சபித்திருப்பாள். இவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

முதலில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அப்புறம் சாப்பிட்டான். எலும்பை உறிஞ்சினான்.

இவனுக்காகவா அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு அவள் கழுத்தை அறுத்தேன் என்று மார்கரெட்டுக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளையைப் பார்த்து அவளுக்கு அருவருப்பு வந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றான் அமல், தலையைத் தூக்காமல்.

மார்கரெட் ஊற்றினாள்.